மூணு பாயிண்ட் கோட்டுல நின்ன வெள்ளைக் காரு

காலேஜ் பாஸ்கெட்பால் டீமுல ஆடுறதுன்னா, ஜெயிச்சா காலேஜ் பேரு, தோத்தா நம்ம பேரு. எங்கயாவது மாடா உழைச்சு ஏச்சு வாங்கின என் சேக்காளிகளே, ஒங்களுக்குத்தான் இது புரியும். மேட்ச் மேட்ச்னு ஓடி எனக்கு அட்டெண்டன்ஸ் கொறஞ்சு போச்சு. டீம் செமி ஃபைனல் போனா பரீட்சை எழுதலாம், இல்லன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க.

வெள்ளைக் காரு

மும்பையில எங்க மாட்டுங்கா காலேஜுல கோர்ட்டு உண்டு. கூடைக்குத் தூரமா ஒரு கோடு, அதுக்கு வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்ட். ஆனா மூணு பாயிண்ட் கோட்டுக்கு அந்தப் பக்கம் பூரா வாத்தியாருங்க பார்க்கிங். மொதக் காரு வைஸ் பிரின்சிபாலோடது. முன் சக்கரம் கரெக்டா கோட்டு மேல. தூரத்துல இருந்து போட்டுப் பழகணும்னா அவரு பானெட்டு மேல ஏறித்தான் நிக்கணும். காரை நகர்த்தச் சொல்லுங்கன்னு பி.டி. சார்கிட்ட கேட்டேன். அவரு வானத்தப் பாத்தாரு. வைஸ் பிரின்சிபாலே ஜன்னல்ல தலைய நீட்டினாரு, நம்ம தமிழ் ஆளுதான்: "கிட்ட நின்னு போட்டா விழாதாடா? எதுக்கு அவ்ளோ தூரம் போறேள்?"

கரண்டு வயரு

சரி, வீடு இருக்குற தாராவியிலயே பழகுவோம்னு டீம்ல இருந்த சுடலை, எங்க கல்லிச் சந்தோட முட்டுச் சுவத்துல ஒரு இரும்பு வளையத்த அடிச்சான். கல்லி நீளம், தூரத்துக்குக் கொறையில்ல. ஆனா வளையத்துக்கு ஒரு சாண் மேல கரண்டு வயரு, கேபிள் வயரு, ஊரு துணி பூரா. பந்த ஒசரத் தூக்கிப் போட்டாத்தான் கூடைக்குள்ள எறங்கும். இங்க தூக்கினா ஏரியாவே இருட்டாயிரும். அதனால வயருக்குக் கீழயே நேரா, கல்ல விட்டெறியுற மாதிரி போட்டுப் பழகினோம். அதுக்கும் எதிர்வீட்டுப் பேச்சியக்கா விடல: "ஏலே, சீரியல் நேரத்துல மட்டும் கரண்டு போச்சு, ஒங்க ரெண்டு பேரையும் அந்த வளையத்துலயே தொங்க விட்டுருவேன்!"

ஃப்ரீயா விட்டானுங்க

சின்ன டீமையெல்லாம் கூடைக்கு அடியில பூந்து பூந்து அடிச்சோம். க்வார்ட்டர் ஃபைனல்ல வந்தானுங்க பாருங்க, ஒவ்வொருத்தனும் மின்சாரக் கம்பம். கூடைக்கு அடியில சுவரு மாதிரி நின்னுட்டானுங்க. கோட்டுக்கு வெளிய எங்களத் தடுக்க ஒரு நாயும் இல்ல. அடிச்சிருந்தாக்கூட இவ்ளோ எரிஞ்சிருக்காது.

அந்த ஹால்ல வயரும் இல்ல, துணியும் இல்ல. ஆனா பாழாப்போன கை, பழகின மாதிரியே நேராத்தான் எறியுது. டங்குன்னு வளையத்துல பட்டுத் திரும்பி வருது. சுடலை போட்டது வளையத்துலகூடப் படல. "வெளிய இருந்து போடு, போடு!"ன்னு பி.டி. சார் இப்பத்தான் வாயத் தொறந்து கத்துறாரு. கடைசியா நான் பந்தத் தூக்கினப்ப, தடுக்க ஓடி வந்த பையன அவங்க கேப்டன் கையப் புடிச்சு நிறுத்தினான்: "மார்னே தே யார், நஹி ஜாயேகா." போடட்டும் விடுடா, உள்ள போகாதுன்னு.

பார்க்கிங்

தோத்த மறுநாள் வைஸ் பிரின்சிபாலக் காருகிட்டயே புடிச்சேன். பரீட்சை மட்டும் எழுத விடுங்க சார்னு கெஞ்சினேன். "ரூல்னா ரூல்தான். வெளிய இருந்து ஒண்ணாவது போட்டேளா? ப்ராக்டீஸே பத்தல"ன்னாரு, கோட்டு மேல நின்ன காருக் கதவத் தொறந்துக்கிட்டே.

எனக்கு மண்டை காஞ்சு போச்சு. "ஒங்க காரு நிக்கிற எடத்துலதான் சார் நாங்க ப்ராக்டீஸ் பண்ணியிருக்கணும்!"னு கத்திட்டேன். காம்பவுண்டே திரும்பிப் பாத்துச்சு. அவரு உக்காந்து, கண்ணாடிய எறக்கி, அமைதியாச் சொன்னாரு: "சும்மாதானே நிக்கறே, ரிவர்ஸ் எடுக்கறேன், பின்னாடி இடிக்கறதான்னு பாத்துச் சொல்லு."

வெளிய இருந்து ஒரு பந்த உள்ள போட வக்கில்லாத காலேஜு, என்னைய உள்ள இருந்து வெளிய போட்டப்ப மட்டும் குறி தப்பவே இல்ல.