தங்கை வாங்கிய மெஷின்

தங்கை தைமியைப் பார்த்தால் ஐலாவுக்கு வயிறு எரியும். நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், ஐலாவே அதைச் சொல்வாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாங்கள் இருவரும் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஈரப் போர்வைகளை உதறிக்கொண்டே அவள் பட்டியல் போடுவாள். சுருட்டை முடி தைமிக்கு, வரிசைப் பல் தைமிக்கு, அம்மாவின் காப்பிக் கோப்பைகள் தைமிக்கு.

"எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா, கார்லா? அப்பாவோட மூக்கு!"

கல்யாணம் ஆன பிறகும் அது தீரவில்லை. ஏரிக்கரை ஊரான ஹேன்காக்கில் மலையேறிப் போகும் எங்கள் தெருவில் ஐலா வீட்டுக்கு நேர் எதிரே தைமியின் வீடு. ஐலாவின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தைமியின் கார் பாதைதான் தெரியும். தைமி என்ன கோட்டு போட்டிருக்கிறாள், யார் வந்துபோகிறார்கள், கடையிலிருந்து எத்தனை பை இறங்குகிறது, எல்லாம் பாத்திரம் தேய்த்தபடியே ஐலாவுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்கும் தெரிந்துவிடும்.

ஏரிக் காற்று கொண்டுவரும் பனி எங்களுக்கு நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரை விடாது. ஐலாவின் கணவர் ரெய்னோ உயிரோடு இருந்தவரை இரண்டு வீட்டுப் பனியையும் அவரே எடுத்தார். விடியும் முன்பே பனியை வாரி எறியும் பெட்ரோல் மெஷினை உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போவார். தைமியின் பாதையை முடித்து, அவள் கையால் காப்பியும் குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுப் பாதைக்கு வருவார். குளிர்காலம் தவறாமல் இதே கதை.

"கட்டினவ வாசல் கடைசி. கொழுந்தியா வாசல் முதல்ல" என்று ஐலா என்னிடம் பொருமுவாள். ரெய்னோவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் தான் சிறுத்துப்போய்விடுவோம் என்று பயம்.

ரெய்னோ மாரடைப்பில் போனார். மெஷின் ஐலாவிடம் தங்கியது. அடுத்த குளிர்காலம் தொடங்குவதற்குள் தைமி தனக்கென்று ஒரு பேட்டரி மெஷின் வாங்கிவிட்டாள்.

அங்கேதான் பிடித்தது சனி. ஐலா காலையில் குனிந்து கயிற்றை இழுப்பாள். இழுப்பாள், இழுப்பாள், தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுப்பாள். மெஷின் இருமும், புகையும், நின்றுவிடும். எதிரே தைமி ஒரு பொத்தானை அமுக்குவாள். மெல்லிய முனகலோடு அது கிளம்பிவிடும். தைமி பாடுவது தெருவுக்கே கேட்கும், அவ்வளவு அமைதி. பாதையை முடித்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கை ஆட்டுவாள்.

"கை ஆட்டுறா பாரு, மகாராணி" என்பாள் ஐலா. பெட்ரோல் நாற்றம் அவள் கையுறையை விட்டு ஏப்ரல் வரை போகாது.

இரண்டாம் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ரெய்னோவின் மெஷின் கியர் உடைந்து ஒரேயடியாக நின்றது. ஐலா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு நார்பர்ட்டின் கடைக்குப் போனாள். அவன் எங்களைவிடச் சிறியவன். தெருவிலிருக்கும் பாதி வீட்டுக்கு மெஷின் விற்றவன், ரிப்பேரும் பார்ப்பவன்.

"ஐலாக்கா, உங்க பாதை எவ்ளோ நீளம்? ரெண்டு கார் நிக்குமா?"

"ஒண்ணு. என் தங்கச்சி எதை வாங்கினா?"

"அவங்க பேட்டரி. உங்களுக்கும் அதுதான் சரி. பொடிப் பனி, கணுக்கால் மேல கொஞ்சம் ஏறினாலும் அது பாத்துக்கும். எண்ணெய் மாத்த வேண்டாம், கார்புரேட்டர் அடைக்காது, தோள் வலிக்காது. பேட்டரியை மட்டும் குளிர்ல விடாம வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க."

"பெட்ரோல் எதுக்கு ஆகும்?"

"நீளப் பாதைக்கு. அப்புறம் பனி தள்ளுற ரோட்டு வண்டி வந்து வாசல்ல ஒதுக்கிட்டுப் போகுமே, கட்டி கட்டியா ஈரப் பனி, அதை உடைக்க. ஆனா கனம் ஜாஸ்தி. வசந்தம் வந்ததும் பெட்ரோலை வடிச்சு வெக்கணும். மறந்தீங்கன்னா அடுத்த சீசன் கிளம்பாது."

"அவளோடதைவிடப் பெருசு எது?"

நார்பர்ட் என்னைப் பார்த்தான். நான் ஆணிப் பெட்டியைப் பார்த்தேன்.

"அக்கா, போட்டிக்கு வாங்குற சாமான் இல்ல இது."

"நீ விக்கிறியா, பிரசங்கம் பண்றியா?"

கடையிலிருந்ததிலேயே அகலமான பெட்ரோல் மெஷின் அன்று எங்களோடு வந்தது. முகப்பு விளக்கு, கைப்பிடியில் சூடு, சுவர் பிளக்கில் செருகிக் கிளப்பும் வசதி எல்லாம் அதில் இருந்தன. வழியெல்லாம் ஐலா திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது பெரிது என்று எனக்குப் பட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் பனி விழுந்ததும் அதைக் கிளப்பினாள். என் வீட்டுத் தட்டுகள் அதிர்ந்தன. மெஷினை அவள் ஓட்டினாளா, அவளை அது ஓட்டியதா என்று சொல்ல முடியாது. திருப்பும்போது இழுத்துக்கொண்டு போய்த் தன் தபால்பெட்டிக் கம்பத்தையே சாய்த்தாள். பனியைத் தூக்கி எறியும் வீசுகுழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. தைமி அப்போதுதான் சுத்தம் செய்து முடித்த பாதையில் அரை வண்டிப் பனி போய் விழுந்தது.

தைமி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏய் அக்கா! கண்ணு தெரியலையா?"

"காத்து அடிச்சுதுடி! நான் என்ன பண்ண?"

"காத்தா? மரத்துல ஒரு கிளை ஆடல. வேணும்னே பண்றே!"

"உன் பொம்மையை வெச்சு எடுத்துக்கோ. பொத்தானை அமுக்கினா போதுமே!"

"பொம்மையா? உன்னோடது டிராக்டர்! உழுறதுக்கு வயல் வாங்கலையா?"

அன்றிலிருந்து தைமி கை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் ஐலாவுக்குக் கோபம்தான். "பாத்தியா திமிரை?"

ஜனவரியில் ஏரியிலிருந்து பெரிய புயல் வந்தது. மூன்று நாள் ஓயவில்லை. அடிக்கடி மின்சாரம் போய் வந்தது. புயல் ஓய்ந்த காலையில் ரோட்டு வண்டி இரு முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் இடுப்புயரச் சுவர் எழுப்பிவிட்டுப் போனது. தொலைபேசி அடித்தது. ஐலா.

"ஜன்னலைப் பாரு, ஜன்னலைப் பாரு. மகாராணியோட மெஷின்ல சிவப்பு விளக்கு!"

பார்த்தேன். தைமி உள்பாதையைச் சுத்தம் செய்துவிட்டிருந்தாள். வாசல் சுவரில் மெஷின் முட்டி முட்டி நின்றது. மாற்றுப் பேட்டரியைக் கொண்டுவந்து போட்டாள். மின்சாரம் இல்லாத இரவில் அதில் சார்ஜ் எங்கே ஏறியிருக்கும்? அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ஐலா தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு தைமி மண்வெட்டியை எடுத்துச் சுவரைக் கொத்தத் தொடங்கினாள். கொத்தினாள், நிமிர்ந்தாள், வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கொத்தினாள். சட்டென்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐலா, கிளேட்டனுக்கு ஏதோ ஆகியிருக்கு" என்றேன். தைமியின் கணவர் கிளேட்டனுக்கு அப்போதுதான் இடுப்பு ஆபரேஷன் முடிந்திருந்தது.

தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது. நான் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பெரிய மெஷினின் உறுமல் கேட்டுவிட்டது. ஐலா தன் சுவரை உடைத்துக்கொண்டு நேராகத் தெருவைத் தாண்டிப் போய்த் தைமியின் சுவரில் மெஷினை விட்டாள். கட்டிகள் நொறுங்கி ஆள் உயரத்துக்குப் பறந்தன. இந்த முறை வீசுகுழாய் சரியான பக்கம் பார்த்தது.

கிளேட்டனுக்கு இரவிலிருந்தே காய்ச்சல், தையல் போட்ட இடம் வீங்கியிருந்தது. மூவருமாகத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். ஐலாதான் ஓட்டினாள். சீழ் பிடித்திருந்ததைச் சுத்தம் செய்து மருந்து ஏற்றினார்கள். நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

காத்திருக்கும் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். தைமி அக்காவின் கையைப் பார்த்தாள்.

"உனக்கு எல்லாம் கைக்கு அடங்குது அக்கா. சின்ன வயசுலேருந்தே. எனக்குப் பொறாமையாத்தான் இருக்கும்."

"என்னைப் பாத்தா?" ஐலாவுக்குக் காப்பி புரையேறியது. "சுருட்டை முடிக்காரி நீ, உனக்கா?"

"ரெய்னோ மாதிரி ஒருத்தரை வெச்சிருந்தியே. வேற என்ன வேணும்? நீ நடுராத்திரி வரைக்கும் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து தூங்குறேன்னு, உன் ஜன்னலுக்குக் கீழ மெஷினைக் கிளப்பவே மாட்டார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து கிளப்பி, எங்க வாசலை முடிச்சு, அவ எழுந்துக்கட்டும்னு எங்க சமையலறையில உக்காந்திருப்பார். கிளேட்டன் எனக்காக ஒரு நாள் மெதுவாக் கதவைச் சாத்தினதில்ல. ரெய்னோ போனப்புறம் உன்கிட்ட வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பேட்டரி வாங்கினேன். அதுவும் சத்தமில்லாததா."

ஐலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி வரும் வழியில் ஏரிப் பாலத்தைத் தாண்டும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"அதை அவகிட்ட சொன்னாரே. என்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ரெய்னோ இல்லை. வயிற்றெரிச்சல் அன்று தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் பொய். ஆனால் வேலை மாறியது. பொடிப் பனி விழுந்தால் தைமி வந்து அக்காவின் படிகளையும் பாதையையும் பாட்டோடு முடித்துவிட்டுப் போவாள். ரோட்டு வண்டி சுவர் எழுப்பினால் ஐலாவின் டிராக்டர் இரண்டு வாசலுக்கும் போகும். முதலில் எதிர்வாசலுக்கு. கிளேட்டன் கைத்தடியோடு வந்து நின்று யோசனை சொல்வார், இருவரும் அவரை உள்ளே விரட்டுவார்கள். வசந்தத்தில் பெட்ரோலை வடிக்க ஐலா மறக்கவில்லை. மறந்தால் தைமி சிரிப்பாளே.

இந்த இலையுதிர் காலத்தில் என் மெஷினும் ஓய்ந்துபோனது. எதை வாங்கலாம் என்று வாய்தவறி இருவர் முன்னும் கேட்டுவிட்டேன். கடைசியில் என் பாதை சின்னது, தோள் பழையது என்று பேட்டரிதான் வாங்கினேன்.

ஐலா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஓ! நீயும் அவ பக்கம் போயிட்டே, இல்ல?"

அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை நான் நீராவிக் குளியலுக்கு சவுனா அடுப்பை மூட்டியதும் கதவைத் தட்டினாள். கையில் சூடாக ஏலக்காய் ரொட்டி.

"தைமிக்கு சின்னதுதான் குடுத்தேன்" என்றாள்.