செல்லம்மை முற்றத்து ரயில்பாதை

போன மாதம் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பாசஞ்சர் வண்டியில் போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம்தான். எனக்குச் சீக்கிரம் போய் என்ன ஆக வேண்டும்? சுசீந்திரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறி அழுகிய தேங்காய் மட்டையின், எங்கள் ஊர்ப் பேச்சில் தொண்டின், வாசனை. எதிரே இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷட்டரை இறக்கப் போனாள். "கொஞ்சம் திறந்து கிடக்கட்டும் மக்களே" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நாற்றத்துக்குப் பரிந்து பேசுகிற கிழவனை வேறு எப்படிப் பார்ப்பது?

அந்த நாற்றத்துக்குள்தான் ஐயா, என் முதல் உத்தியோகம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரயில் சர்வே கோஷ்டியில் நிலம் அளக்கிற சங்கிலி இழுக்கிற வேலை. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. சென்னையோடு சேர வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் கூட்டமும் கோஷமுமாகக் கிடந்த காலம். எந்த ராஜ்யத்தில் இருக்கப் போகிறோம் என்று தெரியாத ஊருக்கு ரயில் மட்டும் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். நான் ஏறியதில்லை. ரயிலையே பார்க்காமல் ரயிலுக்கு வேலை பார்த்தேன். அதற்காக ஜம்பத்தை விட்டுவிடுவேனா? "ரயிலு வந்தா உழவுமாடு மெரளுமாலே?" என்று ஒரு வயல்காரர் கேட்டார். "மொத நாளு மெரளும், பொறவு பழகிரும்" என்றேன், ரயிலை நானே ஓட்டிக்கொண்டு வரப்போகிறவன் மாதிரி.

எங்கள் ஓவர்சியர் திருவனந்தபுரத்துக்காரர். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். கோபம் வந்தால் திட்ட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முக்காலி மேல் இருந்த தூரப்பார்வைக் குழலுக்குள் அவர் பார்த்துக் கை காட்டிய இடத்தில் நாங்கள் கல் நடுவோம். முழங்கால் உயரக் கல், தலையில் சுண்ணாம்பு. சுசீந்திரத்திலிருந்து பழையாற்றை ஒட்டி, மணக்குடிக் காயல் பக்கமாகக் கடற்கரைக்கு அப்படி ஒரு வரிசை. எங்கள் ஊர் ரயில்பாதை என்பது அன்றைக்கு அவ்வளவுதான். கல் விழுந்த வயல் பாதைக்குப் போய்விடும், அதற்கு உடையவன் முகத்தைப் பார்க்க முடியாது. சாவு வீட்டுக்காரன் மாதிரி வரப்பில் உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. பழையாறு கரை மீறியது. மணக்குடியில் ஆறு கடலில் சேருகிற வாயை மணல் அடைத்துக் கிடந்ததால் வந்த தண்ணீர் போக வழியில்லை. வயல், தோப்பு, சாலை எல்லாம் ஒரே காயலாகி நின்றது. கடைசியில் கடற்கரை ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி அந்த மணல்மேட்டை வெட்டிவிட்ட பிறகுதான் தண்ணீர் இறங்கியது. எங்கள் ஓவர்சியர் சாலையில் நின்று பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு கல் இல்லை.

"தம்பீ, நம்ம ரயில் ஒழுகிப் போயல்லோ" என்றார்.

சேறு காய்ந்ததும் புதிதாக நடுவதற்குப் போனோம். போனால், கற்களெல்லாம் நடப்பட்டு நிற்கின்றன. சேறு கழுவி, சுண்ணாம்பு கூடப் பூசியிருந்தார்கள். "நாங்களே தேடி எடுத்து நட்டாச்சு சாரே. சர்க்கார் காரியம் கெடப்பிடாதுல்லா" என்றார் அந்த மாடு மிரளுமா என்று கேட்டவர். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓவர்சியர் குழலுக்குள் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஒவ்வொருவரும் தன் வயல் கல்லைக் கொஞ்சம், ஒரே ஒரு வரப்பு தூரம், அந்தப் பக்கமாகத் தள்ளி நட்டிருந்தார். அடுத்தவன் அதைக் கண்டு இன்னும் ஒரு வரப்பு தள்ளியிருக்கிறான். ரயில்பாதை எல்லோருடைய வயலையும் விட்டு மரியாதையாக ஒதுங்கி, குளத்தைச் சுற்றி, சுடுகாட்டைத் தொட்டு, கடைசியில் தோப்போரம் ஒரு ஓலை வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. அங்கே மட்டும் நாலைந்து கல் நெருக்கமாக நின்றன. தொண்டு தல்லி நார் எடுத்துக் கயிறு திரிக்கிற செல்லம்மையின் வீடு அது. புருஷன் இல்லாதவள்.

கேட்பாரில்லாதவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஓவர்சியருக்கு வந்ததே கோபம். "ஆரு இவிட கொண்டு இட்டது?" என்று நிஜமாகவே சத்தம் போட்டார்.

செல்லம்மை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆரும் கொண்டு போடல்ல சாரே. நான்தான் கேட்டு வாங்கி நட்டேன்."

"எந்தினு?"

"எனக்க மவளுக்காகத்தான்."

மகளைப் பணகுடியில் இருக்கிற தன் தம்பியின் மகனுக்குக் கொடுத்திருந்தாள். அவன் மண்டபம் ஸ்டேஷனுக்கு அப்பால், ரெண்டு பக்கமும் கடலாகக் கிடக்கிற லைனில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன். மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டிய நேரத்தில், நம் ஊரை மூழ்கடித்த அதே மழையோடு புயலும் சேர்ந்து அங்கே பாதையை அரித்துவிட்டது. தம்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறதாம். கேங்மேன்கள் ராப்பகலாக அதற்கடியில் கல்லும் மணலும் கொட்டுகிறார்கள். ஒருத்தனுக்கும் லீவு கிடையாது, வண்டியும் கிடையாது.

"இங்க ரயிலு வந்தா இங்கயும் கேங்கு ஆளு வேணும்லா சாரே? மருமவனுக்கு மாத்தம் கிட்டும்லா? எனக்க மவ கூடவே கெடப்பா. ஒருத்தனும் எடம் தரமாட்டேங்கான். நான் தாறேன். வீட்டுக்கு மேல போட்டும்."

ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்ப மாட்டினார். பிறகு, "அம்மே, ரயில் வருமோண்ணு எனக்கே அறியில்லா" என்றார்.

"வராதுண்ணா பின்ன எதுக்கு சாரே கல்லு நட்டிய?"

  குழல் காட்டிய நேர்வழியில் நாங்கள் கற்களைத் திரும்ப நட்டுக்கொண்டு வந்தோம். ஊர் முகம் மறுபடி சாவு வீடாயிற்று. செல்லம்மை முற்றத்துக் கற்களை நான்தான் பிடுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசிக் கல்லில் கை வைத்தபோது ஓவர்சியர் என் பக்கத்தில் வந்து, "அது ஒண்ணு அவிட கெடக்கட்டெ" என்றார்.

மாசி பிறந்ததும் மண்டபத்துக்கு அப்பால் பாதை சரியாகி முதல் வண்டி ஓடியது. அதில் மகளை ஏற்றித் திருநெல்வேலி வந்து, பஸ்ஸில் நாகர்கோவில் வடசேரிக்கு வந்து, அங்கிருந்து வில்வண்டியில் அந்த கேங்மேனே கொண்டுவந்து விட்டான். கல் சுமந்து கை காய்த்துப் போயிருந்தது அந்தப் பையனுக்கு. பெண் குழந்தை பிறந்தது. பால்குடி மறக்கும் முன்பே திரும்பக் கூட்டிப்போய்விட்டான்.

சர்வே ஆபீஸைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். ஓவர்சியர் ஊருக்குப் போனார். நான் வடசேரிச் சந்தையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். செல்லம்மை கயிறு விற்க வரும்போதெல்லாம், "நம்ம ரயிலு எப்ப மக்கா வரும்?" என்பாள். "அடுத்த வருஷம்" என்பேன். சிரிப்பாள். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் கல்லுக்கும் ஒரு கை அடித்துவிடுவாளாம்.

மருமகன் கல்லும் மணலும் கொட்டி மீட்ட பாதையின் கோடியைப் பிற்பாடு ஒரு புயலில் கடல் மொத்தமாகவே கொண்டுபோனது உங்களுக்குத் தெரிந்ததுதான். நல்லவேளை, அவர்கள் அதற்கு முன்பே மதுரைப் பக்கம் மாற்றலாகியிருந்தார்கள். செல்லம்மை இறந்தபோது மகள் பஸ்ஸில்தான் வந்தாள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

எனக்குத் தலை நரைத்த பிறகு ரயில் வந்தது. புது சர்வே, புது ஆட்கள். நாங்கள் நேராக நட்ட வரிசையை யாரும் சீந்தவில்லை. ஓலை வீடும் தோப்பும் அந்தக் கல்லும் இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்திப் பாதை போட்டுவிட்டார்கள்.

நான் என்ன பார்க்கிறேன் என்று எதிரே இருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செல்லம்மை முற்றத்தின் மேல்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது. அங்கே அது நிற்பதில்லை.