முள்ளைப் பார்த்தே பறந்தவள்

எண்பதுகளின் கடைசியில் என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. வெளிக்காட்சி என்று வெறும் பச்சைக் கோடுதான் தெரியும். வேகமும் உயரமும் காட்டும் முட்கள் மட்டும் அசல் விமானத்தில் போலவே அசையும். அதில்தான் நான் ஏமாந்தேன். மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் பழகிய என் மகளைத் தினமும் அதன்முன் உட்காரவைத்து, "வெளிய இன்னா கீது? முள்ளப் பாரு!" என்று கத்துவேன்.

ஒருநாள் பயிற்சியாளர் என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். எங்கள் சொந்த ஊரான உத்திரமேரூரை நெருங்கும்போது எதிரே ஒரு பருந்து நேராக வந்தது. விமானத்தை ஓட்டிய மகள் தலை நிமிரவே இல்லை. பயிற்சியாளர் வெடுக்கென்று விமானத்தைத் திருப்பினார். பருந்து இறக்கையை உரசாத குறையாகக் கடந்தது.

"வெளிய பாக்காம என்னம்மா பண்றே? எவன் சொல்லிக் குடுத்தான் இப்படி?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றேன்.

அவர் கைக்குட்டையால் முட்களை மூடினார். "இப்ப ஓட்டு."

மெல்ல நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "நைனா, அதோ நம்ம ஏரி!" என்றாள்.

அந்த ஏரிக்கு மேல் அவள் எத்தனையோ முறை பறந்திருக்கிறாள். அன்றுதான் பார்த்தாள். அதுவரை அதை அவள் கண்ணுக்கு மறைத்தவன் நான்தான்.