மாமாவின் ஒரே விக்கெட்

வாவிக் கரைக்கு உங்களை ஏன் தனியே விடுவதில்லை என்று கேட்கிறீர்கள், பிள்ளைகளே. எனக்குப் பத்து வயதில் நடந்ததைச் சொல்கிறேன்.

உம்மாவின் தம்பி, என் மாமா, இலங்கை அணிக்குப் பந்து வீசியவர். இரண்டே ஆட்டம், ஒரே விக்கெட். பிறகு தோள்மூட்டு விலகியது. யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த விக்கெட்டை எடுத்த பந்து எங்கள் வீட்டு சோக்கேசில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் உம்மா அதைக் காட்டுவார். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு வெளியே வளவில் ஏதாவது வேலை வந்துவிடும்.

என் கூட்டாளிகளில் ஒருவன் மட்டும் நம்பவே இல்லை.

"உன்ட மாமா தண்ணிப் போத்தல் தூக்கப் போனவர்தானேடா" என்றான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, நாங்கள் விளையாடும் வாவிக் கரைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டியதோடு விட்டிருக்கலாம். ஒரேயொரு பந்து போடட்டா என்று கேட்டான்; போடச் சொன்னேன். அப்படியொரு அடி நான் அதற்குமுன் அடித்ததில்லை. பந்து வாவிக்குள் போய் விழுந்தது.

அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். முதலை அண்டாமல் மற்றவர்கள் தென்னை மட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டே நிற்பார்கள். இது எங்கள் சட்டம். ஆனால் அன்று போனது யாருடைய பந்து என்று எல்லாருக்கும் தெரியும். மட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

தண்ணீர் சத்தமில்லாமல் கிடந்தது. பந்து சிவப்பாக மிதந்து விலகிப் போனது. கண்டல் பற்றையோரம் ஒரு கட்டை தெரிந்தது. கட்டைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பந்தில்லாமல் மாமாவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. இறங்கினேன். முழங்கால், பிறகு இடுப்பு. சேறு காலைப் பிடித்தது. மறுபடி பார்த்தபோது கட்டை அந்த இடத்தில் இல்லை.

பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடித்து இழுத்தது. மாமா. அவரை நம்பாத அந்தக் கூட்டாளி ஓடியது அவரிடம்தானாம். அந்த விலகிய தோளாலேயே என்னைத் தூக்கிக் கரையில் போட்டார்.

"மாமா, பந்து..." என்றேன்.

"கால் ரெண்டையும் காட்டு மனே."

தடவித் தடவிப் பார்த்தார். அவர் கை நடுநடுங்கியது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சோக்கேசில் வெறும் இடத்தைக் கண்டு உம்மா கேட்டபோது, தானே எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த நடுக்கம் பந்துக்காக வந்த கோபம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பந்து எந்தப் பக்கம் போனது என்று அவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.