முழங்காலைப் பார்ப்பவர்கள்

சண்டை நடந்த அந்த நாளில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்தால் பெடியன்களின் முகத்தைவிட முழங்காலையும் முழங்கையையும்தான் உற்றுப் பார்ப்பான். அங்கே தழும்பு கிடந்தால், தரையில் தவழ்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்த இயக்கக்காரன் என்று அர்த்தம். அப்படி இறக்கிக்கொண்டு போன பிள்ளைகள் சிலர் திரும்பி வரவேயில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணைக்கும் எனக்கும் தோலே ஒரு சனியன். சைக்கிளிலிருந்து ஒருமுறை விழுந்தாலும் வெங்காயச் சருகு போலச் சுருங்கிய அகலத் தழும்பு வந்துவிடும். வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு டொக்டர் விளக்கினார். தோலை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜனைச் செய்யும் மரபணுவில் எங்களுக்கு ஒரு சின்ன மாற்றமாம். இது எங்கடை ஆக்களுக்கு மட்டுமோ என்று கேட்டேன். இல்லை, அந்த மரபணு எல்லாச் சனத்திடமும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், இந்த மாற்றமும் எந்த இனத்திலும் வரலாம் என்றார். “பயப்பட ஒன்றுமில்லை, தழும்பு மட்டும்தான்” என்று சிரித்தார். தழும்பு மட்டும்தானாம்! அந்த மனுசனுக்கு என்ன தெரியும்?

அப்போது எனக்குப் பதினேழு வயது. அண்ணையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அளவெட்டியிலிருந்து அப்பாவும் நாங்களும் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆனையிறவு ஆமி முகாமடியில் எல்லாரையும் இறக்கி, ஆண்களையும் பெண்களையும் தனித்தனி வரிசையில் விட்டார்கள். பெடியன்கள் காற்சட்டையைச் சுருட்ட வேண்டும். அண்ணையையும், முன் சீற்றில் வந்த இன்னொரு பெடியனையும் தனியாக இழுத்தார்கள்.

“சேர், அது பிறவித் தோல் சேர். என்ரையைப் பாருங்கோ” என்று அப்பா வேட்டியைத் தூக்கித் தன் முழங்காலைக் காட்டினார். ஆமிக்காரன் சிரித்துவிட்டு அரைகுறைத் தமிழில் சொன்னான்:

“நீ கிழவன். விழும்தானே?”

அண்ணையின் சேட்டுக் கொலரைப் பிடித்து மண்மூட்டைப் பக்கம் தள்ளினான். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தான். அந்த மூட்டைகளுக்கு அங்கால் போனால் அவ்வளவுதான்.

பெண்கள் வரிசையை விட்டு வெளியே ஓடினேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினேன்.

“ஐயோ, என்னடி பிள்ளை செய்யிறாய்?” என்று ஒரு மனுசி கத்தினாள்.

“பாருங்கோ! எனக்கும் இருக்கு! நானும் டிரெயினிங் எடுத்தனானோ?”

அவன் துவக்கோடு வந்து குனிந்தான். இனி என்னையும் கொண்டுபோகப் போகிறான் என்றே நினைத்தேன். தழும்பை விரலால் கிள்ளி இழுத்தான். தோல் அவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, அண்ணையை விடச் சொல்லி மற்ற ஆமிக்காரனுக்குக் கை காட்டினான்.

“மூடு பிள்ளை, காணும், போதும்” என்றார் அப்பா. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் நான் பாவாடையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

பஸ் வெளிக்கிட்டது. முன் சீற்றில் அந்தப் பெடியனின் பை மட்டும் கிடந்தது. அவனும் எங்கேயாவது சைக்கிளிலிருந்து விழுந்திருப்பான். அவனோடு கூட வந்தவர் ஒருவருமில்லை.