ஒன்பது முழக் கட்டில்

என் வீட்டுக்காரர் ஆறடி ஐந்தங்குலம். நான் ஐந்தடி, அதுவும் செருப்போடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்த இவரைக் கட்டிக்கொண்டபோது, பேசுவதற்கே ஏணி வேண்டுமே என்றாள் என் சித்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இவர் ஒரு பட்டறையில் வெல்டர். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். அவர் ஒட்டுகிறவர், நான் அளந்து பார்த்துக் குறை சொல்கிறவள். வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் சபையில் மே மாதம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை வேதப்பள்ளி நடக்கும். கடைசி நாள் நாடகம். தலைப்பு எதுவானாலும் வேதத்தில் வரும் இராட்சதன் கோலியாத்தை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுவார்கள், இவர் ஒருவர் இருக்கிறாரே என்பதற்காக. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கவசத்தோடு இவர் வந்து நிற்பார். அவனைக் கவண்கல்லால் வீழ்த்துகிற தாவீதாக, இருப்பதிலேயே குள்ளமான பையன். காகித உருண்டை நெற்றியில் பட்டதும் தொபுக்கடீரென்று விழுவார். பிள்ளைகள் ஓடிவந்து மேலே ஏறிக் குதிக்கும். பதினான்கு வருஷமாக இப்படி விழுந்துகொண்டிருந்தார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். எரிச்சலெல்லாம் எனக்கு.

போன வருஷம் பெரிய பிள்ளைகளின் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பாடம், வேதத்தில் வரும் இராட்சதர்கள்: எங்கிருந்து வந்தார்கள், என்ன ஆனார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் என் மகள். பன்னிரண்டு வயது, ஐந்தடி ஆறங்குலம். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசி வரிசையில் நிற்கிறாள், ஆனால் தலை மற்றவர்களுக்குச் சமமாக இருக்கிறது. எனக்குப் புரியச் சற்று நேரமானது. முன்னால் நிற்கும் பிள்ளைகளின் மறைவில் முட்டியை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நடையிலும் கூன் விழ ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து நட, நிமிர்ந்து நட என்று நான் கத்தக் கத்த இன்னும் குனிந்தாள். அது முதுகில் நிற்காமல் மனசில் போய் உட்கார்ந்துவிடுமோ என்று பயந்தேன். முப்பது பிள்ளைகளுக்கு என்று தயார் செய்த பாடம், உண்மையில் அந்த ஒருத்திக்காகத்தான்.

படிக்கப் படிக்க அந்த இராட்சதர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. தேவகுமாரர் மனுஷப் பெண்களை மணந்து பெற்ற பிள்ளைகள் என்று ஆரம்பிக்கிறது அவர்கள் கதை. அந்தத் தேவகுமாரர் யார்? வானத்தூதர் என்பார்கள் சிலர், சேத் என்ற மனுஷனின் வம்சத்தார் என்பார்கள் சிலர். யாராக இருந்தாலும் பிறந்த பிள்ளைகள் பலசாலிகள், பேர் பெற்றவர்கள். உலகத்தையே மூழ்கடித்த வெள்ளம் வந்து போன பிறகும் மறுபடி தென்படுகிறார்கள். கானானை வேவு பார்க்கப் போனவர்கள் ஏனாக் என்ற இராட்சதனின் பிள்ளைகளைக் கண்டு, தங்களை வெட்டுக்கிளியாக நினைத்துக்கொண்டு அழுதபடி திரும்புகிறார்கள். அளவு விஷயத்தில் வேதம் என் கட்சி. கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று இருக்கிறது. கவசத்தின் எடை இருக்கிறது, ஈட்டி முனையின் எடைகூட இருக்கிறது. ஜெயித்த தாவீதின் உயரம் எங்கேயும் இல்லை. பிள்ளைகளிடம் சொன்னேன்: பிரமித்துப் போனவன்தான் இவ்வளவு நுணுக்கமாக அளப்பான். கடைசி பெஞ்சில் என் மகள் தலையைத் தூக்கினாள்.

அந்த உற்சாகத்தில்தான் கட்டில் யோசனை வந்தது. பாசானின் ராஜா ஓக், அந்தப் பக்கத்து இராட்சதர்களில் எஞ்சிய கடைசி ஆள். அவனுக்கு இரும்புக் கட்டில், நீளம் ஒன்பது முழம், அகலம் நாலு முழம். அவன் செத்த பிறகும் ஜனங்கள் அதைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அதே அளவில் ஒன்று செய்யுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டறையில் மிஞ்சிய பைப்பை வைத்து, போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி ஒரே வாரத்தில் செய்துவிட்டார்.

சபை ஹாலில் பூட்டும்போது பார்த்தால், மேடை பதினைந்தடி, கட்டில் அதையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் டேப்பைப் போட்டேன். பதினைந்தடி ஒன்பதங்குலம். முழம் என்றால் ஒன்றரை அடி, ஒன்பது முழம் பதின்மூன்றரை அடிதானே என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாகத் தன் முழங்கையை நீட்டினார். மனுஷனுடைய கைமுழத்தின்படி என்றுதானே வேதத்தில் போட்டிருக்கிறது, நான் மனுஷன் இல்லையா என்றார். டேப்பையே தொடாமல் தன் கையால் ஒன்பது தரம் அளந்து வெட்டியிருக்கிறார். அப்போதும் நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் கட்டிலை மேடையிலிருந்து இறக்கி ஹாலின் நடுவில் போட்டோம். பலகை பரப்பி, கோலியாத் அதன்மேலேயே விழட்டும் என்று முடிவானது.

இறக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாடகத்துக்கு இரண்டே நாள். வேதப்பள்ளியை நடத்துகிற ரிட்டையர்டு டீச்சர் அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், மகள்தான் இருக்கிறாளே, அப்பனையே மிஞ்சிவிடுவாள் போலிருக்கிறதே என்றார். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அதெல்லாம் முடியாது என்று நான் வாயெடுப்பதற்குள், தரையைப் பார்த்தபடி என் மகள் சரி என்றுவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயது.

அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "கோலியாத் செத்தப்புறம் அவன எடுக்க யாராச்சும் வந்தாங்களாம்மா?"

வகுப்பு எடுத்தவளுக்குப் பதில் தெரியும். ஒருத்தரும் வரவில்லை. அவன் ஆட்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், தாவீது அவன் தலையை வெட்டிக் கொண்டுபோய்விட்டான். அவன் ஊரான காத்தில் மிஞ்சிய நாலு இராட்சதர்களும், கைக்கு ஆறு விரல் காலுக்கு ஆறு விரல் உள்ளவன் உட்பட, தாவீதின் ஆட்கள் கையில் செத்தார்கள். அத்தோடு அந்த வம்சமே முடிந்தது. இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு நான் இத்தனை நாளாக ஊட்டியதை ஒரே நிமிஷத்தில் நானே பிடுங்கிவிட்டேன். உள்ளே தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்த மனுஷனுக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

கடைசி நாள் காலை, ஹால் நிறைய ஜனம், எல்லார் கையிலும் போன். அப்பாவின் அட்டைக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள்ளும் குனிந்துதான் நின்றாள். கர்ஜிக்க வேண்டிய இடத்தில் குரலே எழும்பவில்லை. தாவீது எறிந்த காகித உருண்டை அவள் நெற்றியில் படவேயில்லை, தோளை உரசிக்கொண்டு போனது. அதற்கே விழுந்துவிட்டாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற மாதிரி விழுந்தாள். வழக்கம்போலப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கட்டிலில் ஏறின. நான் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்றபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து இவர் எழுந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மகளை இரண்டு கையாலும் தூக்கினார். டீச்சர் அக்கா பதறிப்போய், நாடகத்தில் இப்படி வராதே தம்பி என்றார்.

"வேதத்துல இல்லதான்க்கா. ஆனா அவனுக்கும் ஒரு அப்பன் இருந்துருப்பான்ல? புள்ளய எடுத்துகினு போவாம இன்னா பண்ணுவான்?"

பத்து நாள் வகுப்பெடுத்த எனக்கு அந்த அப்பன் ஒரு தரம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் பெருமையாகவும் இருந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

"எறக்கி உடுப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அவள், அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டே. அவராலும் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. அப்படியே கட்டிலின் மேல் நிற்க வைத்தார். இரும்புக் கட்டில் இரண்டரை அடி உயரம், அதன்மேல் அவள். இவரைவிட ஒரு முழத்துக்கும் மேலே இருந்தாள். நின்றுகொண்டிருக்கும் அப்பாவை மேலிருந்து பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தரம்.

"அப்பா, உனுக்கு உச்சில சொட்ட கீது."

"மெய்யாலுமா? எனுக்கு யாருமே சொன்னதில்லியே கண்ணு. நல்லா பாத்து சொல்லு, எம்மாம் பெருசு?"

அவள் பார்த்தாள். அத்தனை ஜனத்துக்கும் நடுவில், முழு உயரத்துக்கும் எழும்பி நின்று, ஆசை தீரப் பார்த்தாள்.