இடது கைக்கு ஒரு பேனா

எங்கள் பதிவு அலுவலகத்தில் பிறப்பு என் மேஜை, இறப்பு அக்காவின் மேஜை. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், பொறுமையில் பத்து மடங்கு பெரியவர், அதனால் அக்கா. அவர் கைப்பையில் பதினொரு வருஷமாக ஒரே மை பேனாதான் இருக்கிறது. இரவல் கேட்டால் பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோலப் பார்ப்பார். அந்தப் பேனா வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

அதற்கு முன்னால் இருபது வருஷம் அக்கா கவுண்டரில் இருந்தார். வருகிறவர்கள் சொல்வதை விண்ணப்பத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுப்பது வேலை. இடது கைக்காரர். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்தும் அந்தக் கையை மாற்ற முடியவில்லை. இறப்புப் பதிவேடு எழுதியவர் ஓய்வு பெற்றதும் பதிவேடு அக்காவிடம் வந்தது.

பதிவேட்டில் மை பேனாவால்தான் எழுத வேண்டும். நூறு வருஷம் கழித்துப் புரட்டினாலும் எழுத்து நிற்க வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஒரு மை தருவார்கள். எழுதும்போது நீலம், மறுநாள் கறுப்பு, அப்புறம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஆனால் காயும்வரை தொடக் கூடாது. வலது கைக்காரர்களுக்குக் கவலையில்லை, கை எழுத்துக்கு முன்னால் போய்விடும். இடது கை எழுதியதன் மேலேயே ஊர்ந்து வரும். இதை எங்களில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை.

முதல் நாள், பீரோவில் கிடந்த பட்டை நிப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தோம்.

"மை ரொம்ப இறங்குதுடி" என்றார் அக்கா.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். அவரும் சிரித்தார்.

அன்று மூன்றாவதாக வந்தவர் ஓர் இளம் தகப்பன். ஆறு மாதப் பெண் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது. அவ்வளவு சின்னக் குழந்தை என்றால் பலரும் பெயர் சொல்ல மாட்டார்கள், 'பெண் குழந்தை' என்றே எழுதிவிடுவோம். இவர் விடவில்லை. "பேர் வெச்சாச்சுங்க. பேரையே எழுதுங்க" என்றார். மூன்றே எழுத்து. அக்கா எழுதினார். அடுத்த கட்டத்துக்கு நகரும்போது உள்ளங்கை அதன்மேல் இழுபட்டது. பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலத் தீற்றல்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பேர் ஒண்ணுதாங்க அவளுக்குன்னு மிச்சம் இருந்துச்சு. அதையும் அழிச்சிட்டீங்களே."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் என் பதிவேட்டில் ஆறு மாதம் பின்னால் புரட்டினேன். அதே மூன்று எழுத்து, என் வலது கையால் எழுதியது, துளி கலையாமல் இருந்தது. காலையில் சொன்ன பழமொழியை நினைத்துப் பதிவேட்டை மூடினேன்.

பதிவேட்டில் எழுதியதை அடிக்கவோ சுரண்டவோ கூடாது. ஓரத்தில் சரியாக எழுதி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை வந்து நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பினார்கள்.

"சார், ரெஜிஸ்டரை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் கவுண்டருக்கே போயிடறேன்" என்றார் அக்கா.

அதிகாரி கறாரானவர். "திங்கட்கிழமை அவர் முன்னாடி நீங்கதான் எழுதணும். அதுவும் அழிஞ்சா மாத்திடறேன்."

சனிக்கிழமை பேனா கடைக்குப் போனோம். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக மை பேனா வாங்கப் போகிறார். இருமல் மருந்துப் பாட்டிலில் அலுவலக மை, பழைய பதிவேட்டின் கடைசியிலிருந்து ஒரு வெற்றுத்தாள், இரண்டையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

கடைக்காரர் தங்க வளையம் போட்ட பேனாவை நீட்டினார். "எழுதிப் பாருங்கம்மா, வெண்ணெய் மாதிரி போகும்."

எல்லாரும் தங்கள் கையெழுத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அக்கா அந்த மூன்று எழுத்தை எழுதினார். ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணிவிட்டு உள்ளங்கையால் தேய்த்தார். கலைந்தது. அடுத்த பேனா. அதுவும் கலைந்தது.

"என்னம்மா, எழுதி எழுதி அழிக்கறீங்க?" என்று கடைக்காரர் திகைத்தார்.

ஆறு பேனாக்கள் ஆயின. அக்காவின் கை சாயப்பட்டறைக்காரர் கைபோல ஆகியிருந்தது. ஏழாவது ஒரு சாதாரணக் கறுப்புப் பேனா, ஊசி மாதிரி நிப்பு. தாளில் கரகரவென்று சத்தம் வந்தது.

"கீறுதேக்கா" என்றேன்.

"அதுல மை கம்மியாத்தான் இறங்கும். யாரும் விரும்பி வாங்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

அக்கா தாளைச் சாய்த்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதினார். பத்து எண்ணினார். தேய்த்தார். மூன்று எழுத்தும் நின்றன.

"இதையே குடுங்க."

"ஒண்ணு சொல்லிடறேம்மா. இது கெட்டி மை. தினமும் எழுதணும், நாலு நாள் சும்மா வெச்சா அடைச்சுக்கும்."

"எங்க ஆபீஸ்ல அந்தக் கவலை இல்லைங்க. தினமும் எழுத வேண்டியிருக்கும்."

எந்த ஆபீஸ் என்று கேட்டார், அக்கா சொன்னார். கடைக்காரர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நிப்பை இன்னொரு முறை கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா நோட்டில் எழுதிப் பழகியிருக்கிறார். "யார் பெத்த பிள்ளையோ, பேரை ஒரு நோட்டு நிறைய எழுதி வெச்சிருக்கா. சாப்பிடக்கூட எழுந்திரிக்கல" என்று அவர் கணவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அந்தத் தகப்பன் வந்தார். அக்கா பதிவேட்டைச் சாய்த்து வைத்தார். ஓரத்தில் மூன்று எழுத்து. எழுதியதும் கையைத் தூக்கிக்கொண்டார். நான் மனசுக்குள் பத்து எண்ணினேன். அக்கா நூறு எண்ணியிருப்பார். பிறகு பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"தேச்சுப் பாருங்க."

"வேணாங்க. போயிடப் போகுது."

"போகாது. தேச்சுப் பாருங்க."

அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பெயரின் மேல் ஒரு தடவை இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார், அதில் மை இல்லை. தாளைப் பார்த்தார். மறுபடி விரலைக் கொண்டுபோய் அந்த மூன்று எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டார்.

அதிகாரி கையெழுத்துப் போட வந்து பக்கத்தில் நின்றார். கவுண்டரில் வரிசை சேர்ந்துவிட்டது. கையை எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.